புடவையில் விழாத பூ

திருத்தணியில் பூ என்றால் என்னைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் அடுத்தவர் சொல்லும்வரை காத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மலையடியில் ஒரு கடை, பஸ் நிலையத்துக்கு எதிரில் இன்னொரு கடை, கல்யாண மேடை கட்ட ஆட்கள், விடிவதற்குள் மூட்டை ஏற்றிவரச் சொந்த வண்டி. எல்லாம் இந்தக் கையால் வந்தது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு மலைப்படியில் ஏறி இறங்கிக் கதம்பம் விற்ற கால் இது. இப்போது முட்டி வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால், 'சின்ன வயசுல நிறைய நடந்திருப்பீங்க போல' என்கிறார். போலவாம்.

கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பூவை என் மூக்கருகே கொண்டுவாருங்கள். என்ன பூ என்று சொல்வதோடு விடமாட்டேன். நேற்றுப் பறித்ததா, இன்று பறித்ததா, பழசைத் தண்ணீர் தெளித்துப் புதுசாக்கியதா என்பது வரை சொல்லிவிடுவேன். வியாபாரிகள் என்னிடம் ஏமாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ஏமாற்றுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட என் கடையில் ஒரு பூ மட்டும் விற்பனைக்குக் கிடையாது. வேப்பம்பூ. உகாதி வந்தால் எங்கள் பக்கம் வேப்பம்பூப் பச்சடி கரைக்காத வீடு குறைவு. பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேர் அவர்களோடு பழகிப் பழகிப் பச்சடிக்கு நாக்கு பழக்கிக்கொண்டவர்கள். மரமேறிப் பறிக்கச் சோம்பல் வந்துவிட்ட காலமாதலால் எல்லோரும் கடையில் கேட்கிறார்கள். கேட்டால் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வைத்துச் சும்மா கொடுத்துவிடுவோம். என் மகன் இதை அம்மாவின் தருமம் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த வருஷம் அந்தச் சும்மா கொடுக்கிற பூவுக்கும் பஞ்சம் வந்துவிட்டது. மாசியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. பனி விலகவே இல்லை. உகாதி நெருங்கியும் வேம்பு மொட்டு விடவில்லை. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு வரைக்கும் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"ஒரு மரமும் பூக்கலம்மா. எல்லாம் இப்பதான் எலையே கொட்டுது."

"மலைக்குத் தெக்கால போ. பாறைய ஒட்டிகினு நிக்கிற மரமாப் பாரு. பாறை சூட்டுக்கு அது முன்னாடியே பூத்துடும்."

போனான். பை நிறைய வந்தது. எப்படிம்மா தெரியும் என்று கேட்டதற்கு, அனுபவம் என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அனுபவம் எனக்கு வந்தபோது என் கவுனின் முதுகுப் பித்தானை எனக்கே போட்டுக்கொள்ளத் தெரியாது என்பதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மலைக்குக் கீழே நெசவாளர் தெருவில் இருந்தோம். நைனா லுங்கி நெய்வார். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தல்லி என்பார், தெலுங்கில் தாயே என்று அர்த்தம். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. அதில் உட்கார்ந்தால் நைனாவின் தலை என் தலைக்குச் சமமாக வந்துவிடும். எழுந்து நின்றுவிட்டால் எட்டாது. அதனால் அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அவர் தறியில் இருக்கும்போதே கேட்டுவிடுவது என் வழக்கம். பெரிய மனிதர்களிடம் எப்போது பேச வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது வியாபாரத்தில் பாதி. அந்தப் பாதி எனக்கு அப்போதே வந்துவிட்டிருக்கிறது.

அம்மாவுக்கு இருமல். பொங்கல் கழிந்தும் நிற்கவில்லை. ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து பின்கட்டுக்குப் போய் இருமிவிட்டு வருவாள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. பள்ளிப்பட்டிலிருந்து அத்தையை, நைனாவின் அக்காவை, எங்கள் வீட்டோடு இருக்க வரவழைத்தார்கள்.

கிளம்புகிற காலையில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பம்மா வருவே?"

"உகாதிக்கு வந்துடுவேன்டி."

"உகாதி எப்போ?"

எனக்குக் கிழமையும் தெரியாது, மாதமும் தெரியாது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வேப்பமரத்தைக் காட்டினாள்.

"இத பாத்துகினே இரு. மொதல்ல எல எல்லாம் பழுத்துக் கொட்டும். அப்புறம் செவப்பா கொழுந்து வரும். கொழுந்து வந்தா குயிலு கத்தும். குயிலு கத்துனா பின்னாடியே பூ வந்துடும். பூ வந்துச்சுன்னா அம்மா வந்து பச்சடி கரைப்பேன். சரியா?"

சரி என்றேன்.

"மண்ணுல விழுந்த பூவ எடுக்கக் கூடாது, பச்சடிக்கு ஆகாது. என் பழைய பொடவைய அடியில விரிச்சு வெய்யி. விழறதப் பொறுக்கி டப்பாவுல போட்டு வெய்யி. அம்மா வந்து கேப்பேன்."

அந்தப் புடவை பாசி நிறம். துவைத்துத் துவைத்துக் கரை எது உடல் எது என்று தெரியாமல் போனது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, நல்ல புடவையோடு நைனாவின் பின்னால் நடந்து பஸ் ஏறினாள். தெருமுனையில் திரும்பி, டப்பாவைத் திறப்பது போலக் கையால் காட்டிச் சிரித்தாள். நானும் காட்டினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் உத்தியோகம். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பார்ப்பேன். மற்ற வருஷங்களில் மாசி பாதியிலேயே வேம்பு மஞ்சளாகப் பழுத்துக் கொட்ட ஆரம்பித்துவிடுமாம். அந்த வருஷம் கொட்டவில்லை. இந்த வருஷம் மாதிரியே அப்போதும் காலம் தவறி மழை. காலையில் மலை தெரியாது, பனி மூடிக்கொண்டிருக்கும். தெருவில் கஞ்சி போட்டு நீட்டிக் கட்டின பாவு நூல் உச்சிவேளை வரை ஈரமாகவே இருந்தது. நெசவாளிகள் வராத வெயிலைத் திட்டினார்கள். நானும் அவர்களோடு நின்று திட்டினேன். அவர்களுக்கு நூல் காய வேண்டும், எனக்கு அம்மா வர வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வெயில்தான் தேவைப்பட்டது.

அத்தைக்கு என்னோடு பெரும்பாடு.

"மரத்தயே அண்ணாந்து பாத்துகினு நின்னா கழுத்து சுளுக்கிக்கும். வந்து கூழக் குடிடி."

"எல கொட்டலயே அத்தே."

"கொட்டும். உன் வாய் மூடுனா அதும்பாட்டுக்கு கொட்டும்."

வாயை மூடிக்கொண்டும் பார்த்தேன். கொட்டவில்லை.

நைனா வாரத்துக்கு ஒருமுறை வேலூர் போய்வந்தார். போகும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு போவார். இலை எந்த மட்டில் இருக்கிறது, அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்பார். ஒரு முறை, பழுக்க ஆரம்பித்த ஒரே ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தனுப்பினேன். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள் என்று வந்து சொன்னார்.

பிறகு ஒரு நாள், எதிர்பாராமல், அத்தை என்னைப் பள்ளிப்பட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது, பார்க்கலாம் வா என்றாள். நான் மரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். மரம் எங்கேயும் போகாது என்றாள். குட்டிகள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. ஆனால் அத்தை வீட்டுக்கு யார் யாரோ வந்து, என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. அவள் புடவை புகையிலை வாசனை அடித்தது. குட்டியைப் பார்க்க விடாமல் என்னை ஏன் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது நைனா வீட்டில் இருந்தார். தலை மொட்டை. மீசையும் இல்லை.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் பயந்திருக்கும். திருத்தணியில் பிறந்த பிள்ளைக்கு மொட்டைத் தலை என்பது காக்கையைப் பார்ப்பது மாதிரி. எங்கள் தெருவைத் தாண்டித்தான் தினமும் ஊர் ஊராக ஆட்கள் முடியோடு மலை ஏறி முடியில்லாமல் இறங்குவார்கள். பிள்ளை பிழைத்தால் மொட்டை, வழக்கு ஜெயித்தால் மொட்டை, நோய் தீர்ந்தால் மொட்டை. நைனா அம்மாவுக்காக முடி இறக்கியிருக்கிறார், அம்மாவுக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்குவதில் நான் எப்போதும் வேகம்.

"எங்க மொட்ட போட்டே நைனா?"

"வேலூர்ல, தல்லி."

வேலூரிலும் ஒரு முருகன் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு குறைதான் கண்ணில் பட்டது. எங்கள் மலையில் மொட்டை போட்டால் தலை முழுக்கச் சந்தனம் பூசி அனுப்புவார்கள். நைனாவின் தலை வெறும் தலையாக, நீலம் பாய்ந்து இருந்தது. வேலூர்க்காரர்களுக்கு வேலை தெரியவில்லை.

"அம்மா எங்கே?"

நைனா தறியைப் பார்த்தார். அத்தைதான் முந்திக்கொண்டாள்.

"நீதானே பூ வந்தா வருவாங்கன்னு சொல்லிகினு கெடந்தே. பூ வந்துச்சா?"

வரவில்லை. வாயை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் மரம் ஒரேயடியாக இலையைக் கொட்டியிருந்தது. நான் விரித்துவிட்டுப் போன புடவையின் மேல் மஞ்சள் குவிந்து கிடந்தது. முதல் அடையாளம் வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அள்ளி அள்ளித் தலைக்கு மேல் வீசினேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், திட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

கொழுந்தும் வந்தது. செம்பைத் தேய்த்துவைத்தது மாதிரி. அடுத்தது குயில். அதுதான் வாயைத் திறப்பதாக இல்லை. பக்கத்துத் தெரு மாந்தோப்பில் போய் நின்று கேட்டேன். ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் கேட்டேன். மைனா கத்தியது, கிளி கத்தியது, எனக்கு வேண்டியது கத்தவில்லை. எத்தனை நாள்தான் பொறுப்பது. ஒரு காலையில் வேப்பமரத்தடியில் நின்று நானே கூவினேன். குயில் கத்தினால் பூ வரும் என்றால், யார் கத்தினால் என்ன, மரத்துக்குக் காதில் விழுந்தால் போதாதா?

தொண்டை வறளக் கூவினேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றிருந்தது. நான் கூவுவதை நிறுத்தின பிறகுதான் மறுபடி கேட்டது.

உகாதி அன்று காலை தெருவே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, வாசலுக்கு வாசல் மாவிலை கட்டியிருந்தது. எங்கள் வாசல் மட்டும் வெறுமனே இருந்தது.

"நம்ம வீட்ல ஏன் அத்தே தோரணம் கட்டல?"

"நமக்கு இந்த வருசம் கெடையாது."

"ஏன்?"

"கெடையாதுன்னா கெடையாது. சும்மா தொணதொணக்காதே."

ஏன் கிடையாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பூ வரவில்லை. பூ இல்லாமல் பச்சடி ஏது, பச்சடி இல்லாமல் உகாதி ஏது. எதிர் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு டம்ளரில் பச்சடி கொடுத்தாள். வாங்கி மோந்து பார்த்தேன்.

"பழைய பூவா?"

"ஆமாண்டி, போன வருசம் காயவெச்சது. இந்த வருசம் எங்க பூத்துது?"

"எனக்கு வேணாம். எங்கம்மா காஞ்ச பூவுல பண்ணமாட்டாங்க. வந்து புதுசுல பண்ணிக் குடுப்பாங்க. உங்களுக்கும் தர்றேன்."

டம்ளரை வாங்கிக்கொண்டவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய பூ என்றதில் கோபம் போல. இருக்கட்டும், உண்மையைத்தானே சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் மரம் பூக்காவிட்டால் ஊரில் வேறு மரமே கிடையாதா? புடவையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏரிக்கரை மரங்கள் கொழுந்தோடு நின்றன. நந்தி ஆற்றங்கரை மரம் அதுவும் இல்லாமல் நின்றது. ரயில் நிலையத்து மரம் கரி படிந்து கிடந்தது. வெயில் ஏறிவிட்டது. கால் சுட்டது. கடைசியில் மலையைப் பார்த்தேன். மலைக்கு மேல் வெயில் அதிகம், சாமிக்குப் பக்கம், அங்கே இல்லாமல் எங்கே இருக்கும்?

படி ஏறிப் பாதியில், கூட்டத்தை விட்டு விலகித் தெற்குப் பக்கம் பாறைச் சரிவில் நடந்தேன். முள் கவுனை இழுத்தது. முதலில் வந்தது மணம்தான். தேன் கொட்டினாற்போல, அடியில் லேசாகக் கசக்கிற மணம். பெரிய பாறை ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பது மாதிரி ஒரு குட்டை வேம்பு. மேலெல்லாம் வெள்ளை. தேனீ இரைந்துகொண்டிருந்தது. பாறையைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது.

இந்தத் திருத்தணியில் பாறையோரத்து வேம்பு முதலில் பூக்கும் என்று கண்டுபிடித்தது நான்தான். வேறு யாராவது முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் அவர்கள் ஏன் பறிக்காமல் விட்டார்கள்?

அம்மா சொன்னபடி மண்ணில் படக்கூடாது. புடவையை அடியில் விரித்து, கிளையைப் பிடித்து உலுக்கினேன். பொரி மாதிரி உதிர்ந்தது. நான்கு முனையையும் சேர்த்து முடிந்து தலையில் வைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் சுமந்த முதல் பூமூட்டை அது. அதற்குப் பிறகு எத்தனையோ சுமந்துவிட்டேன், அத்தனை லேசாக ஒன்றும் இருந்ததில்லை.

இறங்கும் வழியில் முடி இறக்குகிற கொட்டகை. புது மொட்டைகள் சந்தனத்தோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்ததும் நைனாவின் தலை ஞாபகம் வந்தது. அம்மா வருகிற நாளில் அவர் அப்படி வெறுந்தலையோடு இருக்கலாமா? ஓரமாக ஒருவருக்கு மழித்துக்கொண்டிருந்த நாவிதரிடம் போனேன்.

"மாமா, வேலூர்ல மொட்ட போட்டா சந்தனம் பூச மாட்டாங்களா?"

"வேலூர்லயா? யாரு போட்டுகினாங்க?"

"எங்க நைனா."

"வேண்டுதலா?"

"ஆங். மீசயக்கூட எடுத்துட்டாங்க."

கத்தி நின்றது. அவர் என் தலையில் இருந்த மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா எங்க கீறாங்க பாப்பா?"

"வேலூர் ஆஸ்பத்திரில. இன்னிக்கு வந்துடுவாங்க. பூ கெடச்சிடுச்சே."

மழித்துக்கொள்ளக் குனிந்திருந்த ஆள் குனிந்தபடியே குரல் கொடுத்தார். "இன்னாப்பா, பாதித் தலையில உட்டுட்டு கத பேசிகினு கீறே?"

நாவிதர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்துப் பூவரச இலையில் வைத்து மடித்துக் கொடுத்தார்.

"இந்தா. எடுத்துனு போய் நீயே பூசிவுடு."

"காசு இல்லியே மாமா."

"உன்ன யாரு கேட்டா. நீ பூசுனா ஒண்ணும் தப்பில்ல, போ."

நான் பூசினால் என்ன தப்பு வரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கையில் இலையும் இன்னொரு கை மூட்டையிலுமாக இறங்கி ஓடிவந்தேன். பண்டிகை நாள் என்பதால் தெருவில் எல்லாத் தறியும் ஓய்ந்திருந்தது. ஒரு தறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தறி.

நைனா குழியில் உட்கார்ந்திருந்தார். தலை எட்டுகிற உயரத்தில் இருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இலையைப் பிரித்து, பின்னாலிருந்து பூச ஆரம்பித்தேன். முடி லேசாக முளைத்திருந்தது, கையில் குத்தியது. நைனா ஊடை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை பதறிவிட்டாள்.

"அடி, இன்னா காரியம் பண்றே? சந்தனத்தயா பூசறே? தம்பி, நீயும் பாத்துகினு..."

"உடுக்கா," என்றார் நைனா.

காது வரைக்கும் பூசினேன். கொஞ்சம் போதவில்லை, பிடரியில் மெல்லிசாக இழுத்துவிட்டேன். பிறகு முன்னால் வந்து, தறிமேல் மூட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தேன்.

"பூ வந்துடுச்சு நைனா. கௌம்பு, போய் அம்மாவ இட்டாரலாம்."

நைனா பூவைப் பார்த்தார். விரலால் தொட்டார். பாசிப் புடவையை, அதன் கரையை, ஓரம் வரைக்கும் தடவினார். அத்தை அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டாள். பாத்திரம் எதையோ தேவையில்லாமல் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க பூத்துச்சு தல்லி?"

"மல மேல. பாறகிட்ட."

புடவையின் முனைகளை மடித்துப் பூவை மூடிக்கொண்டே கேட்டார்.

"அம்மா எந்த மரத்தச் சொன்னாங்க?"

"நம்ம மரத்த."

"இது மல மரத்துப் பூவாச்சே. நம்ம மரம் பூக்கட்டும். சரியா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அம்மா எங்கள் மரத்தைத்தான் காட்டினாள். நான் குயிலாகக் கூவி ஏமாற்றப் பார்த்த மாதிரியே இதையும் ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். சரி என்றேன். பேச்சு என்றால் பேச்சு. அன்றும் இன்றும் நான் அப்படித்தான்.

சந்தனத்தை நைனா அன்று முழுக்கக் கழுவவில்லை. சாயங்காலம் அது காய்ந்து வெடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துகள் துகளாகப் பாவின்மேல் உதிர்ந்தது. அதையும் சேர்த்தே நெய்துகொண்டிருந்தார். அந்த லுங்கியை எங்கோ யாரோ வாங்கிக் கட்டியிருப்பார்கள். மஞ்சளாக என்ன ஒட்டியிருக்கிறது என்று துவைத்துவிட்டிருப்பார்கள்.

அதன் பிறகு என் உத்தியோகம் இன்னும் கறாராயிற்று. எங்கள் மரம் உயரம். கீழ்க் கிளைகளை எல்லாம் அத்தை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டிருந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து தாயாட்டோடு அந்த வெள்ளை நெற்றிக் குட்டியையும் கொண்டுவந்து கட்டியிருந்தாள். உச்சியில் என்ன நடக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாது. விழுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலமானால் புடவையை விரிப்பேன், மூலைக்கு ஒரு கல் வைப்பேன். காலையில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். சுத்தமாக இருக்கும். ஒரு சருகுகூட இருக்காது.

நைனா எப்போதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். ஒரு நாள் நான் கொஞ்சம் சீக்கிரமாக விழித்துப் பின்கட்டுக்குப் போனபோது, வேலியோரம் நின்று புடவையை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா பண்றே?"

"தூசி தல்லி. உதறிட்டு விரிச்சு வெச்சா நீ வந்து பாக்கத் தோதா இருக்கும்னுதான்."

எனக்காக இவ்வளவு பார்க்கிறாரே என்று பெருமையாக இருந்தது. இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாக விரித்தோம். கல் வைத்தோம். காற்றில் லேசாகத் தேன் மணம் வந்தது.

"வாசன வருது நைனா."

"மல மேலருந்து வருது."

நம்பினேன். கண்ணைக் கட்டினாலும் பூவைச் சொல்வேன் என்று சவால் விடுகிற மூக்கு இது. அன்றைக்கு என் தலைக்கு நேர் மேலே இருந்ததை மலையிலிருந்து வருகிறது என்று நம்பியது. வேலிக்கடியில் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நொய்யரிசி மாதிரி வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு போயிற்று. அத்தை அரிசியை இங்கே வந்து ஏன் புடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. குயில் ஒரு நாள் தானாகக் கத்தியது, பிறகு நாளெல்லாம் கத்தியது. வெயில் வந்தது. பாவு நூல் விரிப்பதற்குள் காய்ந்தது. நான் கேட்பது மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் புடவை விரிப்பதை விடவில்லை.

பிறகு ஒரு காலை அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. வேப்பம்பழம். காக்கைகள் மேலே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நைனா அதை மட்டும் உதறாமல் விட்டிருந்தார். நான் கவுன் மடியில் அள்ளிக்கொண்டு தறிக்கு ஓடினேன்.

"பாரு நைனா, பூவே பூக்காம பழம் வந்துடுச்சு. நம்ம மரம் எவ்ளோ கெட்டிக்கார மரம் பாத்தியா?"

"ஆங்," என்றார் நைனா. "கெட்டிக்கார மரம்தான்."

அன்று முழுக்க அந்தப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். உங்கள் மரமெல்லாம் பூத்துத்தானே காய்த்தது, எங்கள் மரம் பூக்காமலே காய்த்துவிட்டது, இந்த ஊரிலேயே எங்களுடையது மாதிரி ஒரு மரம் கிடையாது என்று சொன்னேன். எதிர் வீட்டம்மா கேட்டாள். பாவு கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஆமாம் பாப்பா, உங்க மரம் மாதிரி வராது என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அது எப்படி என்று கேட்கவில்லை.

நான் அடித்துக்கொண்ட முதல் பெருமை அதுதான்.